துருவ ஒளியின் வேர் தேடியவர்

நுழையும்முன்

வீட்டில் விளக்கு அணைந்தால் தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியைத்தான் முதலில் எட்டிப் பார்க்கிறோம். காற்று, மழை, இடி, முறிந்து விழுந்த மரக்கிளை எனக் காரணங்கள் பல நமக்குத் தெரியும். ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கதிரவனும் ஒரு மாநிலம் முழுவதையும் இருளில் ஆழ்த்தக்கூடும் என்பதைப் பலர் அறியார். கதிரவனுக்கும் மண்ணில் நிற்கும் மின்மாற்றிக்கும் இடையிலான தொடர்பில் ஒரு நடுக்கண்ணி உண்டு. அதனைப் பனிமலை உச்சியிலும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிப் பெட்டியிலும் தேடிக் கண்ட நார்வே நாட்டு இயற்பியல் அறிஞரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

கிறிஸ்தியான் பிர்க்லாந்து 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 13-ஆம் நாள் கிறிஸ்தியானியா நகரில் பிறந்தார். இன்று ஆஸ்லோ என வழங்கப்படும் நகரமே அது. நார்வே அப்போது தனியரசாக இல்லை. சுவீடன் மன்னரின் ஆட்சியில் அந்நாட்டுடன் இணைந்திருந்தது. மக்கள்தொகை குறைவு; பொருள்வளமும் குறைவு. எனினும், ஆறு மாதம் பனி மூடும் அந்த நாட்டின் வானம் மட்டும் வேறெந்த நாட்டுக்கும் எளிதில் வாய்க்காத ஒரு செல்வத்தைப் பெற்றிருந்தது. நீண்ட குளிர்கால இரவுகளில் பச்சையும் செம்மையும் கலந்த ஒளித்திரைகள் வானில் அசைந்தாடும். அதனைத் துருவ ஒளி என்பர். கடலோடிகளும் கலைமான் மேய்ப்பவர்களும் அதைப் பற்றி எத்தனையோ கதைகளைச் சொல்லி வந்தனர். அவ்வொளி எங்கிருந்து வருகிறது என்பதற்கு மட்டும் எவரிடத்தும் ஐயமற்ற விடை இல்லை.

சிறுவயதில் கையில் சேர்ந்த காசைக் கொண்டு பிர்க்லாந்து முதன்முதலாக வாங்கிய பொருள் ஒரு காந்தம் என அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். காந்தத்தின் மீது பிறந்த அந்த ஈர்ப்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. பள்ளிக் காலத்திலேயே கணக்கில் தனித் திறன் காட்டிய அவர், பல்கலைக்கழகத்தில் இயற்பியலைத் தேர்ந்துகொண்டார். பாரிசில் புகழ்பெற்ற கணித மேதை ஆன்றி பொன்காரேயிடமும், பான் நகரில் மின்காந்த அலைகளைக் கண்டறிந்த ஐன்ரிக் எர்ட்சிடமும் பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மின்காந்தவியலின் அடிப்படையான மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குப் பொதுத்தீர்வு ஒன்றை அவர் வெளியிட்டபோது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. 1898-இல் தாம் பயின்ற பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியரானார்.

கணிதத் தாள்களோடு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால், 1896-ஆம் ஆண்டை ஒட்டி அவர் செய்த ஒரு சிறு சோதனை அவருடைய வாழ்க்கைப் பாதையை மாற்றியது. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழாயில் மின்னழுத்தம் செலுத்தினால் எதிர்மின்முனையிலிருந்து கேத்தோடு கதிர்கள் புறப்படும். அக்குழாயின் அருகே வலிமை மிக்க காந்தம் ஒன்றை வைத்தபோது, கதிர்கள் சிதறாமல் காந்த முனையை நோக்கி ஒரு புள்ளியில் குவிவதை அவர் கண்டார். புவியும் ஒரு பெரிய காந்தம்தான் என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால், கதிரவனிலிருந்து இத்தகைய கதிர்கள் புறப்பட்டு வருமெனில், அவற்றைப் புவியின் காந்தம் துருவங்களை நோக்கி இழுக்கும் அன்றோ? துருவங்களை ஒட்டி மட்டும் வானம் ஒளிர்வதற்கு அதுவே காரணமாகலாம் அன்றோ? இந்த இரு வினாக்களுக்கே தம் எஞ்சிய ஆண்டுகளை அவர் ஒப்படைத்தார்.

அக்கால அறிவியல் உலகம்

கதிரவனுக்கும் புவிக்காந்தத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயம் அதற்கு முன்பே எழுந்திருந்தது. 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் நாள் ரிச்சர்டு காரிங்டன் என்னும் ஆங்கில வானியலாளர் கதிரவனின் கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தபோது, அவற்றின் நடுவே கண்ணைப் பறிக்கும் ஒளி ஒன்று சில நிமிடங்கள் தோன்றி மறைவதைக் கண்டார். ஒரு நாள் கழிவதற்குள் உலகெங்கும் காந்த ஊசிகள் தடுமாறின. வெப்ப நாடுகளிலும் துருவ ஒளி தெரிந்தது. தந்திக் கம்பிகளில் தானாகவே மின்சாரம் பாய்ந்தது. அமெரிக்காவில் மின்கலங்களைக் கழற்றிவிட்டு, வானம் தந்த மின்சாரத்தைக் கொண்டே தந்தி அனுப்பினர்.

இத்தனைக்குப் பின்னும் அறிஞர் பலர் அத்தொடர்பை ஏற்கவில்லை. பிரிட்டனின் தலைசிறந்த இயற்பியலாளர் கெல்வின் பிரபு 1892-இல் ராயல் கழகத்தின் தலைமையுரையில், கதிரவன் தன் காந்தத்தால் புவியில் அத்தகைய புயலை எழுப்ப வேண்டுமெனில் அதற்கு நம்ப இயலாத அளவு ஆற்றல் தேவைப்படும் எனக் கணக்கிட்டுக் காட்டினார். கரும்புள்ளிகளும் காந்தப் புயல்களும் ஒரே காலத்தில் தோன்றுவது தற்செயலே என முடித்தார். கெல்வினின் கணக்கில் பிழை இல்லை. கதிரவனின் காந்தம் அத்தொலைவிலிருந்து நேரே இழுக்கிறது என்று அவர் கொண்ட எண்ணமே பொருந்தாதது. மின்னூட்டம் பெற்ற துகள்கள் பயணம் செய்து வரக்கூடும் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. பெரியவர் ஒருவர் மூடிய கதவைத் தட்டும் துணிவு, அறிவியலிலும் எளிதில் வருவதன்று. ஒரு சிறிய நாட்டின் இளம் பேராசிரியருக்கு அத்துணிவு இருந்தது.

ஹால்டே மலை உச்சி

துருவ ஒளியை அறிய வேண்டுமெனில் அது தோன்றும் இடத்துக்குச் செல்ல வேண்டும். அதுவும் குளிர்காலத்தில் செல்ல வேண்டும். நார்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க் பகுதிக்குப் பிர்க்லாந்து மேற்கொண்ட முதற்பயணம் கடும் பனிப்புயலில் சிக்கித் தோல்வியுற்றது. உடன் சென்ற மாணவர் பியோர்ன் எல்லான்ட்-ஆன்சன் என்பவரின் விரல்கள் பனியால் கருகின. மருத்துவராக விரும்பிய அவர், விரல்களின் பகுதியை இழந்ததால் அந்த எண்ணத்தைக் கைவிட நேர்ந்தது. பின்னாளில் அவர் கடலியலில் பெரும்புகழ் பெற்றார் என்பது நமக்கு ஓரளவு ஆறுதல் தரும் செய்தி.

தோல்வியிலிருந்து பிர்க்லாந்து கற்ற பாடம் எளியது. பனிமலையில் கூடாரம் போதாது, கல்வீடு வேண்டும். அரசின் நிதியுதவியுடன் 1899-இல் ஆல்டா ஊரை அடுத்த ஹால்டே மலையின் உச்சியில், ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கல்லாலான ஆய்வகம் எழுந்தது. கட்டுமானப் பொருள்களை எல்லாம் மலைமேல் சுமந்தே ஏற்ற வேண்டியிருந்தது. காற்று ஆளையே தூக்கி எறியும் அளவுக்கு வீசும். அங்கு அவரும் தோழர்களும் 1899 - 1900 குளிர்காலத்தைக் கழித்தனர். அருகிலிருந்த மற்றொரு சிகரத்திலும் ஒரு நிலையம் அமைத்து, இரு இடங்களிலிருந்தும் ஒரே ஒளியை ஒரே நேரத்தில் நோக்கி அதன் உயரத்தைக் கணக்கிடுவது அவர்களின் திட்டம். உயரக் கணக்கு எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆனால், இரவும் பகலும் காந்த ஊசிகளின் அசைவைப் பதிவுசெய்த ஒளிப்படத் தாள்கள் வேறொரு செய்தியைச் சொல்லின. வானில் ஒளி வெடித்துப் பரவும்போதெல்லாம் ஊசிகள் வலுவாக விலகின. மேலே ஏதோ ஒரு பெரிய மின்னோட்டம் ஓடுகிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

அந்தச் சான்றுக்குக் கொடுத்த விலை சிறிதன்று. அக்குழுவில் இருந்த எலிசார் போயே என்னும் இளைஞர் 1900-ஆம் ஆண்டில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். அறிவியல் நூல்களில் ஒரு வரைபடமாக நாம் காணும் வளைகோட்டின் பின்னே ஓர் இளைஞனின் உயிரும் நின்றிருக்கிறது.

ஓர் இடத்தில் இருந்து நோக்கினால் மின்னோட்டம் எப்பக்கம் ஓடுகிறது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆகவே, பிர்க்லாந்து தம் அடுத்த திட்டத்தை விரிவாக்கினார். 1902 - 1903 குளிர்காலத்தில் வடதுருவப் பகுதியைச் சுற்றி நான்கு நிலையங்கள் இயங்கின. நார்வேயின் கோபியோர்டு, ஐஸ்லாந்து, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவு, ரஷ்யாவின் நோவயா செம்லியா ஆகியவற்றில் அவை அமைந்தன. நான்கிலும் ஒரே வகைக் கருவிகள். ஒரே நேரப் பதிவு. இவை போதாவென்று உலகின் பிற காந்த ஆய்வகங்களிடமிருந்தும் அதே நாள்களின் பதிவுகளைக் கேட்டுப் பெற்றார். நம் நாட்டின் தேராதூன், ஜாவாவின் பட்டாவியா, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் முதலிய இடங்களின் தாள்களும் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன.

அத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிட்டு அவர் கண்ட முடிவு வியப்பூட்டுவது. காந்தப் புயலின்போது விண்வெளியிலிருந்து மின்னோட்டம் ஒன்று புவிக்காந்தக் கோடுகளின் வழியே துருவப் பகுதிக்கு இறங்குகிறது; வளிமண்டலத்தின் மேலடுக்கில் துருவ ஒளி தோன்றும் வட்டத்தை ஒட்டிக் கிடையாக ஓடுகிறது; பின் மீண்டும் காந்தக் கோடுகளின் வழியே மேலேறிச் செல்கிறது. அதன் அளவு பல இலட்சம் ஆம்பியர் இருக்கும் எனவும் அவர் கணக்கிட்டார். வீட்டு மின்விளக்கு ஒன்று ஓர் ஆம்பியரின் சிறு பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதை நினைத்தால், இந்த எண்ணின் பெருமை விளங்கும்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புவி

மலையில் கண்டதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிக் காட்டவும் பிர்க்லாந்து முனைந்தார். மின்காந்தம் உள்ளே பொருத்திய உலோக உருண்டை ஒன்றைச் செய்தார். அதன் மேற்பரப்பில், கதிர் பட்டால் ஒளிரும் வேதிப்பொருளைப் பூசினார். அவ்வுருண்டையைக் காற்று நீக்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கவிட்டுக் கேத்தோடு கதிர்களை அதன்மீது செலுத்தினார். டெரெல்லா என்று பெயர் பெற்ற அது சிறிய புவி. கேத்தோடு, சிறிய கதிரவன். உருண்டையின் காந்தத்தை இயக்காதபோது கதிர்கள் ஒரு பக்கம் முழுவதிலும் பட்டன. காந்தத்தை இயக்கியதும் அவை விலகி, இரு துருவங்களையும் சுற்றி ஒளி வளையங்களாகப் படிந்தன. மெய்யான புவியில் துருவ ஒளி தோன்றும் வளையத்தை அது அப்படியே நினைவூட்டியது.

ஆண்டுதோறும் பெட்டி பெரிதாகிக்கொண்டே சென்றது. இந்தச் சோதனையால் ஈர்க்கப்பட்ட கணித அறிஞர் கார்ல் ஸ்டோர்மர், காந்தப் புலத்தில் ஒரு மின்துகள் செல்லும் வழியைக் கணக்கிடும் பணியில் பல ஆண்டுகள் ஈடுபட்டார். பிர்க்லாந்து ஆய்வுக்கூடத்தில் சிவப்புத் தொப்பியும் எகிப்தியக் காலணியும் அணிந்தபடி, உணவும் உறக்கமும் மறந்து பெட்டியின் முன் அமர்ந்திருப்பார் என்பர். உறக்கமின்மை பின்னாளில் அவருக்குப் பெரும்பகையாக மாறியது.

பீரங்கியிலிருந்து உரம்

இத்தனை ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும். அரசு தந்த நிதி நான்கு நிலையங்களுக்குப் போதவில்லை. அதனால் பிர்க்லாந்து ஒரு விந்தையான வழியில் இறங்கினார். வெடிமருந்து இன்றி, மின்காந்த விசையால் குண்டுகளை எறியும் பீரங்கி ஒன்றை வடிவமைத்து 1901-இல் காப்புரிமை பெற்றார். 1903-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மண்டபத்தில், முக்கிய விருந்தினர் முன்னிலையில் அதனை இயக்கிக் காட்டினார். விசையை அழுத்தியதும் குறுக்குச்சுற்று ஏற்பட்டுக் காதைப் பிளக்கும் ஓசையுடன் தீப்பிழம்பு எழுந்தது. கூட்டத்தினர் நடுங்கினர். பீரங்கியை வாங்க எண்ணியிருந்தவர்களின் ஆர்வமும் அத்தோடு அணைந்தது.

ஏறத்தாழ அதே நாள்களில் ஒரு விருந்தில் சாம் ஐடே என்னும் பொறியாளரை அவர் சந்தித்தார். ஐடேயிடம் நீர்வீழ்ச்சிகளின் உரிமை இருந்தது; அவற்றிலிருந்து எடுக்கும் மின்சாரத்தைக் கொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்க வேண்டும் என்ற கனவும் இருந்தது. பயிர்களுக்குத் தேவையான நைட்ரேட்டு உப்பு அப்போது தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்தே பெரும்பாலும் வந்தது. அது ஒரு நாள் தீர்ந்துவிடும், பின் உலகம் உணவுக்கு என்ன செய்யும் என்று அறிஞர் உலகம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. ஐடேக்குத் தேவைப்பட்டது மாபெரும் மின்பொறி. பீரங்கியைப் பாழாக்கிய தீப்பிழம்போ அத்தகைய மின்பொறியேதான்.

மின்முனைகளுக்கு இடையே எழும் மின்வில்லைக் காந்தப் புலத்தால் தட்டுப் போல விரித்தால், அதன் ஊடே செல்லும் காற்று 3000 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகும். அவ்வெப்பத்தில் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இணையும். அவ்வாயுவைக் குளிரவைத்து நீரில் கரைத்தால் நைட்ரிக் அமிலம். அதனைச் சுண்ணாம்புக் கல்லுடன் சேர்த்தால் உரம். பிர்க்லாந்து - ஐடே முறை என வேதியியல் நூல்கள் கூறுவது இதனையே. 1905-இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் தோன்றியது. நோட்டோடன், ரியூக்கான் ஆகிய ஊர்கள் தொழில் நகரங்களாயின. ரியூக்கானை அடுத்த வேமார்க்கில் 1911-இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையம் அக்காலத்தில் உலகிலேயே பெரியது. சுவீடனிலிருந்து பிரிந்து தனியரசான அதே 1905-ஆம் ஆண்டில், ஏழை நார்வே தன் அருவிகளை நம்பித் தொழில்நாடாக மாறத் தொடங்கியது. மின்சாரத்தை மிகுதியாக விழுங்கியதால், பின்வந்த ஹேபர் - பாஷ் முறையின் முன் இம்முறை நிலைக்கவில்லை என்பது வேறு கதை.

உரத்தால் வந்த வருவாயைப் பிர்க்லாந்து வளமாக வாழ்வதற்குப் பயன்படுத்தவில்லை; பெரிய பெட்டிகளுக்கும் தொலைவான பயணங்களுக்கும் செலவிட்டார். 1902 - 1903 பயணத்தின் முடிவுகளை 1908-இலும் 1913-இலும் இரு பகுதிகளாகப் பெருநூலாக வெளியிட்டார். 1905-இல் நிகழ்ந்த அவருடைய திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது. ஆய்வுக்கூடத்தையே வீடாகக் கொண்டவருக்கு இல்லறம் நிலைக்காமல் போனதில் வியப்பில்லை. அதனால் இருவருக்கும் விளைந்த துயரையும் நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை.

இறுதி நாள்கள்

1913-இல் பிர்க்லாந்து எகிப்துக்குச் சென்றார். அந்தி மறைந்தபின் அடிவானில் தோன்றும் மங்கலான ஒளியை ஆராய்வது அவர் நோக்கம். மறு ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. தனிமையும் உறக்கமின்மையும் அவரை வாட்டின. உறங்குவதற்காக எடுத்துக்கொண்ட மருந்து மெல்ல அவரை அடிமையாக்கியது. தம்மை எவரோ வேவு பார்க்கிறார்கள் என்ற அச்சமும் மனத்தில் குடிகொண்டது. அந்த நிலையிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. கதிரவனிலிருந்து வரும் துகள்களில் எதிர்மின்னூட்டம் உடையவை மட்டுமன்று, நேர்மின்னூட்டம் உடையவையும் இருக்க வேண்டும் என்று 1916-இல் எழுதினார். அக்கருத்து அவர் மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் விண்கலங்களால் உறுதியாயிற்று.

1917-இல் தாய்நாடு திரும்ப விரும்பினார். ஐரோப்பியக் கடல்வழிகள் போரால் ஆபத்து நிறைந்திருந்தன. ஆகவே கிழக்கே சுற்றி ஜப்பான் வழியாகச் செல்லத் துணிந்தார். தோக்கியோவில் அறிஞர் நண்பர்கள் அவரை அன்புடன் வரவேற்றனர். ஆனால், 1917 ஜூன் 15-ஆம் நாள் அந்நகரின் விடுதி அறை ஒன்றில் அவர் இறந்து கிடந்தார். உறக்க மருந்தின் அளவு எல்லை மீறியிருந்தது. அப்போது அவருக்கு வயது 49. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறையும் அது அவரை வந்தடையவில்லை.

அரை நூற்றாண்டு மறதி

அவர் மறைந்தபின் அவருடைய கொள்கையும் மறைந்துபோகும் நிலை ஏற்பட்டது. ஒரே வகை மின்னூட்டம் உடைய துகள்கள் ஒன்றையொன்று விலக்கி வழியிலேயே சிதறிவிடும் என்று ஆர்தர் சூஸ்டர் முன்பே மறுத்திருந்தார். அடுத்த தலைமுறையில் பெருமதிப்புப் பெற்ற சிட்னி சாப்மன், மின்னோட்டங்கள் யாவும் வளிமண்டலத்துக்குள்ளேயே சுற்றி முடிகின்றன என வாதிட்டார். தரையில் உள்ள காந்த ஊசிகளை மட்டும் கொண்டு எது சரி என முடிவுசெய்ய இயலாது. இரண்டும் ஒரே அசைவையே தரும். சுவீடன் நாட்டு ஹான்னஸ் ஆல்வேன் போன்ற சிலரே பிர்க்லாந்தின் பக்கம் நின்றனர்.

தீர்ப்பு வானிலிருந்தே வந்தது. 1963-இல் ஏவப்பட்ட அமெரிக்கக் கடற்படையின் செயற்கைக்கோள் ஒன்று, ஏறத்தாழ 1100 கிலோமீட்டர் உயரத்தில் துருவ ஒளி வட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் காந்தக் குலைவைப் பதிவுசெய்தது. அக்குலைவுக்குக் காரணம் காந்தக் கோடுகளின் வழியே இறங்கியும் ஏறியும் ஓடும் மின்னோட்டங்களே என 1967-இல் விளக்கப்பட்டது. இன்று அவை பிர்க்லாந்து மின்னோட்டங்கள் எனப்படுகின்றன. அவர் சொன்ன அனைத்தும் சரியென்று கூறுவது முறையன்று. கதிரவனிலிருந்து வரும் துகள்கள் நேரே துருவங்களில் வந்து விழுவதில்லை. இடையில் புவியின் காந்த மண்டலம் அவற்றின் ஆற்றலை வாங்கிச் சேர்த்து, பின் வெளியிடுகிறது. ஆயினும், மின்னோட்டம் ஓடும் வழியை அவர் மிகச் சரியாகவே கண்டிருந்தார்.

மின்மாற்றிக்கு நேர்வது என்ன?

பிர்க்லாந்தின் கண்டுபிடிப்பு வெறும் வானியல் செய்தியாக நின்றுவிடவில்லை. அவர் காலத்தில் ஆங்காங்கே தனித்தனியாக இருந்த மின்நிலையங்கள் பின்னர் பல நூறு கிலோமீட்டர் நீளக் கம்பித்தடங்களால் இணைந்து பெரும் மின்கட்டமைப்புகளாயின. தந்திக் கம்பியில் அன்று பாய்ந்த அழையா மின்சாரம் இப்போது மின்தடங்களில் பாய வழி பிறந்தது.

காந்தப் புயலின்போது, தரையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் துருவ மின்னோட்டம் கூடியும் குறைந்தும் அலைக்கழியும். அதனால் தரையில் காந்தப்புலம் மாறும். மாறும் காந்தப்புலம் மின்னழுத்தத்தைத் தூண்டும் என்பது நாம் கற்ற பாரடேயின் விதி. அவ்வாறு தூண்டப்படுவது கிலோமீட்டருக்குச் சில வோல்ட்டுதான். ஆனால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு நீளும் தடத்தில் சிறுதுளி பெருவெள்ளமாகிவிடும். மின்கடத்தும் தன்மை குறைந்த கடும்பாறைப் பகுதிகளில் இம்மின்சாரம் மண்ணில் செல்வதைவிட எளிய வழியைத் தேடும். மின்மாற்றிகளின் நடுநிலைப் புள்ளி பாதுகாப்புக்காக மண்ணுடன் இணைக்கப்பட்டிருக்கும். அதுவே இதற்கு நுழைவாயில். ஒரு மின்மாற்றி வழியே ஏறி, தடம் நெடுகச் சென்று, மற்றொரு மின்மாற்றி வழியே மண்ணுக்குத் திரும்புகிறது.

மின்மாற்றி மாறுதிசை மின்னோட்டத்துக்கென்றே செய்யப்பட்ட கருவி. நொடிக்கு 50 அல்லது 60 முறை திசை மாறி மாறி வரும் காந்தப்பாயத்தைத் தாங்கும் அளவுக்கே அதன் இரும்பு உள்ளகம் அமைந்திருக்கும். புயலால் வரும் மின்னோட்டமோ நிமிடக்கணக்கில் மெதுவாக மாறுவது. ஏறத்தாழ நேர்திசை மின்னோட்டம் போன்றது. அது நுழைந்ததும் உள்ளகம் ஒவ்வொரு சுற்றின் ஒரு பாதியில் காந்தத் தெவிட்டல் நிலையை அடைகிறது. கொள்ளாத காந்தப்பாயம் உள்ளகத்தை விட்டு வெளியேறிச் சுற்றியுள்ள இரும்புப் பகுதிகளைச் சூடாக்குகிறது. மின்காப்புத் தாள்கள் கருகலாம். செம்புச் சுருள்களும் உருகலாம். அதோடு மின்னோட்டத்தின் வடிவம் சிதைந்து, காவல் கருவிகள் ஏமாந்து தடங்களைத் துண்டிக்கின்றன.

1989-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் அதிகாலையில் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நிகழ்ந்தது அதுவே. மூன்று நாள்களுக்கு முன் கதிரவனில் ஒரு பெருவெடிப்பு தோன்றியிருந்தது. அதிகாலை 2:44 மணிக்கு மின்னழுத்தத்தை நிலைநிறுத்தும் ஏழு கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஏறத்தாழ 90 நொடிகளில் மாநிலத்தின் மின்கட்டமைப்பு முழுவதும் சரிந்தது. அறுபது இலட்சம் மக்கள் கடுங்குளிரில் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். அதே புயலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் இருந்த சேலம் அணுமின் நிலையத்தின் பெரிய மின்மாற்றி ஒன்று சுருள்கள் வெந்து பழுதடைந்தது. 2003 அக்டோபர் 30-ஆம் நாள் சுவீடனின் மால்மோ நகரும் இவ்வாறே சிறிது நேரம் இருண்டது. பெரிய மின்மாற்றி ஒன்று நூற்றுக்கணக்கான டன் எடையுள்ளது. கடையில் வாங்கி வந்து பொருத்தும் பொருளன்று. புதிதாகச் செய்து தர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பல மின்மாற்றிகள் ஒரே இரவில் பழுதானால் என்னாகும் என்பதே பொறியாளரின் கவலை.

தெரிந்து தெளிவோம்

மின்தேக்கி மாறுதிசை மின்னோட்டத்தைச் செல்லவிடும். நேர்திசை மின்னோட்டத்தைத் தடுக்கும். 1989-க்குப் பின் கியூபெக்கின் நீண்ட மின்தடங்களில் மின்தேக்கிகள் தொடராகப் பொருத்தப்பட்டன. மின்மாற்றியின் நடுநிலைப் புள்ளிக்கும் மண்ணுக்கும் இடையே தடுப்புக் கருவி அமைப்பதும் உண்டு. ஒரு மின்மாற்றியில் மட்டும் தடுத்தால் அம்மின்னோட்டம் வேறொரு மின்மாற்றியைத் தேடிச் செல்லும் என்பதால், முழுக் கட்டமைப்பையும் கணக்கிட்டே இதனைச் செய்வர்.

கருவிகளைவிட முன்னறிவிப்பே பல வேளைகளில் பயன் தருகிறது. புயல் வருமென்று தெரிந்தால், மின்கட்டுப்பாட்டு நிலையத்தில் உள்ளோர் பழுதுபார்க்க நிறுத்திய தடங்களை மீண்டும் இயக்கிச் சுமையைப் பகிர்ந்தளிப்பர். மின்மாற்றிகளின் சுமையைக் குறைப்பர். நடுநிலையில் பாயும் மின்னோட்டத்தை நொடிதோறும் கண்காணிப்பர். இதற்காகப் புவியிலிருந்து கதிரவன் திசையில் 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்-1 எனப்படும் புள்ளியை ஒட்டி விண்கலங்கள் நிறுத்தப்பட்டுள்ளன. கதிரவனிலிருந்து வரும் துகள் வெள்ளம் அவற்றைக் கடந்து புவியை அடைய ஏறத்தாழ அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். வேகம் மிகுந்தால் அதனினும் குறையும். இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம் 2023 செப்டம்பர் 2-ஆம் நாள் ஏவப்பட்டு, 2024 ஜனவரி 6-ஆம் நாள் அங்குச் சென்று சேர்ந்தது. அதில் உள்ள கருவிகள் பிர்க்லாந்து 1916-இல் எழுதிய அந்த இருவகைத் துகள்களையும், அவற்றோடு வரும் காந்தப்புலத்தையும் அளக்கின்றன.

நார்வே அரசு 1994-இல் வெளியிட்ட 200 குரோனர் பணத்தாளில் அவருடைய உருவத்தைப் பொறித்தது. ஹால்டே மலைமேல் இருந்த கல்வீடு இரண்டாம் உலகப்போரில் எரிந்து சிதைந்தது. பின்னர் அதனைச் செப்பனிட்டு எழுப்பியுள்ளனர். கோடையில் மலையேறுவோர் அங்குத் தங்கிச் செல்கின்றனர்.